மெக்னீசியமும் இதயமும்: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். கொஞ்ச காலமாக "மெக்னீசியம் மாத்திரை இருக்காம்மா?" என்று கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். பலர் கைபேசியில் ஏதாவது ஒரு வீடியோவைக் காட்டி, "ஹார்ட்டுக்கு நல்லதாமே" என்கிறார்கள். பின்னால் நாலு பேர் சீட்டோடு நிற்கும்போது இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை அப்படியே எடுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

இதயத்துக்கு மெக்னீசியம் எதற்கு?

இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறிய மின் அலை ஓடுகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவை இதயத் தசைச் செல்களுக்குள் போவதும் வருவதும்தான் அந்த அலை. செல்லின் சுவரில் ஒரு பம்ப் இருக்கிறது. அது மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இந்த பம்ப் ஓடுவதற்கு ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். ஏடிபியோடு மெக்னீசியம் ஒட்டியிருந்தால்தான் பம்பால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். மெக்னீசியம் குறைந்தால் பம்ப் தளர்கிறது, செல்லுக்குள் பொட்டாசியம் குறைகிறது, மின் அலை தடுமாறுகிறது.

கால்சியம் செல்லுக்குள் வந்தால் தசை சுருங்கும். அது அளவுக்கு மீறி நுழையாமல் வாசலில் நின்று மட்டுப்படுத்துவது மெக்னீசியம். பிபிக்குக் கொடுக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் கால்சியத்தின் வழியைத்தான் அடைக்கின்றன. அதே வேலையை மெக்னீசியம் இயற்கையாகவே, மெதுவான அளவில் செய்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலும் இதுதான் நடக்கிறது. அதனால் குழாய் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்தமே 25 கிராம் அளவுக்குத்தான் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில்.

பொட்டாசியம் சிரப் குடித்துக்கொண்டே இருக்கிறோம், ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் கற்றுக்கொண்டது என் பெரியம்மாவிடம்தான்.

அவருக்கு அப்போது 71 வயது. பிபி மாத்திரையோடு நீர் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு கரிக்கிறது என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, அதுவும் ஆறு வருடமாக. ஒரு நாள் கொல்லையில் துணி உலர்த்தும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் பார்த்ததில் பொட்டாசியம் 2.9. 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சிரப் குடித்தவர்களுக்குத் தெரியும், உப்பும் கசப்பும் கலந்து தொண்டையைப் பிடிக்கும். பெரியம்மா அதைத் தண்ணீரில் கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். "ஏண்டி, இதைக் குடிச்சும் ஏறலைன்னா அப்புறம் எதுக்குடி குடிக்கணும்?" என்று என்னிடம் கேட்டார். ஒரு வாரம் கழித்து பார்த்தால் 3.0. அவ்வளவுதான் ஏறியிருந்தது.

வேறொரு மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மெக்னீசியம் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. பார்த்ததில் 1.1. வழக்கமாக 100 மில்லி ரத்தத்தில் 1.7-லிருந்து 2.2 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் (ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை கொஞ்சம் மாறும்). இரண்டு நாள் ட்ரிப்ஸில் மெக்னீசியம் ஏற்றினார்கள். பொட்டாசியம் அதே சிரப்தான், அதே அளவுதான். மூன்றாம் நாள் 3.8.

இதன் காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. அங்கே பொட்டாசியம் வெளியேறுகிற சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம்தான் அந்த வாசல்களை அளவோடு மூடி வைக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் வாசல் திறந்துகொள்ளும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். வீட்டில் யாருக்காவது பொட்டாசியம் ஏறாமல் அடம் பிடித்தால், "மெக்னீசியமும் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

யாருக்கெல்லாம் மெக்னீசியம் குறையும்?

நன்றாகச் சாப்பிட்டு, வேறு நோய் இல்லாமல் இருக்கிறவர்களுக்கு அபாயமான அளவுக்குக் குறைவது அரிது. உணவில் குறைந்தால் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குறைகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழியில் இழந்துகொண்டிருப்பவர்கள். இதய நோயாளிகள் எடுக்கும் ஃப்யூரோசமைடு, டார்சமைடு, பிபிக்கு வரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகிய நீர் மாத்திரைகள் எல்லாம் சிறுநீரில் மெக்னீசியத்தையும் சேர்த்து வெளியேற்றும். ஸ்பைரோனோலாக்டோன் மட்டும் மறுபக்கம், அது மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைக்கும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், சில புற்றுநோய் மருந்துகள் எடுப்பவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள்.

கேஸ் மாத்திரையாலுமா?

ஆமாம். இதைத்தான் நான் எல்லாரிடமும் நிறுத்திச் சொல்கிறேன்.

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் ஆகியவை ஒரே குடும்பம். அமிலச் சுரப்பை அடக்கும் நல்ல மருந்துகள். குடல் புண்ணுக்கும், ஆஸ்பிரின் எடுக்கும் இதய நோயாளியின் வயிற்றைக் காப்பாற்றவும் இவை அவசியம். ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களிடம்தான் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் சரியாகவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே அதிகம் விற்கும் கேஸ் கேப்சூல்களில் பலவற்றில் டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் கலந்திருக்கும். சிலவற்றில் 30 மில்லிகிராம். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத்தின் மின் அலை ஓய்வதைத் தாமதப்படுத்தும். ஈசிஜியில் இதை கியூடி இடைவெளி நீள்வது என்பார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் சொல்லி, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. மெக்னீசியம் குறைந்தாலும் அதே கியூடி நீளும். ஆக ஒரே கேப்சூலில் ஒரு மருந்து மெக்னீசியத்தைக் குறைக்கிறது, இன்னொன்று நேரடியாகக் கியூடியை நீட்டுகிறது. அதை ஆறு வருடம் பெரியம்மா எடுத்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது 10 நாளுக்கு மட்டும். அதன் பிறகு வாங்கியதெல்லாம் சீட்டில்லாமல்தான். அதில் பாதி நாள் நானேதான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கேஸ் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் நிறுத்தவே கூடாது. "இது எனக்கு இன்னும் தேவையா, டோம்பெரிடோன் இல்லாததாக மாற்ற முடியுமா, மெக்னீசியம் ஒரு தடவை பார்க்கலாமா?" இந்த மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

குறைந்தால் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. நன்றாகக் குறைந்த பிறகு சோர்வு, பசியின்மை, தசை துடிப்பு, கை கால் மரத்துப் போவது, இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடிப்பதுபோல் படபடப்பு வரலாம். இவை எல்லாமே வேறு நூறு காரணங்களாலும் வரும். அறிகுறியை மட்டும் வைத்து, மெக்னீசியம்தான் என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

ரத்தப் பரிசோதனையில் நார்மல். அப்போ பிரச்சினை இல்லைதானே?

ரத்தத்தில் இருப்பது உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ரத்த அளவு விழாமல் இருக்க உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அளவு குறைவாக வந்தால் அதை நம்பலாம். நார்மல் என்று வந்தால், குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நடைமுறையில் கையில் இருக்கும் பரிசோதனை இதுதான். மருத்துவர்கள் இதோடு பொட்டாசியம், கால்சியம், ஈசிஜி, நீங்கள் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வழக்கமான முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் மெக்னீசியம் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

படபடப்பு வந்தால் ஒரு மெக்னீசியம் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

முதலில் ஈசிஜி எடுங்கள். படபடப்பு என்பது ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் மெக்னீசியத்துக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இதய ஆய்வில், 3,530 பேரை 20 வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது. மாத்திரை சாப்பிட்டால் வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது படபடப்போடு சேர்ந்து வந்தால் மருந்துக் கடைக்கு வராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு மெக்னீசியம் ஊசி போட்டால் பிழைப்பார்கள் என்று வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?

ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 2,316 பேரிடம் செய்த லிமிட்-2 ஆய்வு 1992-ல் வந்தது. மெக்னீசியம் ஏற்றியவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 7.8 சதவீதம், ஏற்றாதவர்களில் 10.3 சதவீதம். மலிவான உப்பு, எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும், மரணத்தை நாலில் ஒரு பங்கு குறைக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

அப்புறம் 1995-ல் ஐசிஸ்-4 என்ற ஆய்வு வந்தது. அதில் சேர்ந்தவர்கள் 58,050 பேர். பலன் எதுவும் இல்லை. சொல்லப்போனால் மெக்னீசியம் வாங்கியவர்கள் பக்கம் இறப்பு ஒரு துளி கூடுதல். ஐசிஸ்-4-ல் ஊசியைத் தாமதமாகப் போட்டார்கள், சீக்கிரம் போட்டிருந்தால் பலித்திருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். அதைச் சோதிக்கவே மேஜிக் என்ற ஆய்வை நடத்தினார்கள். ஆபத்து அதிகமுள்ள 6,213 நோயாளிகள், சீக்கிரமாகவே மருந்து. 2002-ல் முடிவு வந்தது: 30 நாளில் இறப்பு மெக்னீசியம் பக்கம் 15.3 சதவீதம், வெறும் திரவம் ஏற்றிய பக்கம் 15.2 சதவீதம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது ஹார்ட் அட்டாக் வந்த எல்லாருக்கும் வழக்கமாக மெக்னீசியம் ஏற்றுவதில்லை. அளவு குறைந்திருந்தால் சரி செய்வார்கள், அவ்வளவுதான்.

வீடியோக்காரர்கள் முதல் ஆய்வை மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கேட்பவர் வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி வந்து, மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரத்தில் மெக்னீசியத்தைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆவது? அடைப்பு ஏற்பட்ட இதயத்தில் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மெக்னீசியம் ஊசி எங்குமே உயிரைக் காப்பாற்றாதா?

காப்பாற்றும். ஓரிடத்தில் அதுதான் முதல் மருந்து.

கியூடி இடைவெளி நீண்டவர்களுக்கு வரும் ஒரு வகைத் துடிப்புக் கோளாறு உண்டு. ஈசிஜி தாளில் அலைகள் முறுக்கிய ரிப்பன்போல் பெரிதாகிச் சிறிதாகிச் சுழலும். 1966-ல் ஃபிரான்ஸைச் சேர்ந்த டெசெர்டென் என்ற மருத்துவர், வயதான ஒரு பெண்மணியின் ஈசிஜியில் இதைக் கண்டு "டோர்சாட் டி புவான்ட்" என்று பெயர் வைத்தார். முனைகள் முறுகுவது என்று அர்த்தம். தானாக நின்றால் மயக்கத்தோடு போகும். நிற்காவிட்டால் இதயம் நின்றுவிடும். இதற்கு 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பில் போடுவார்கள். 1988-ல் இஸ்ரேலில் 12 நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்ததில், ஒன்பது பேருக்கு ஒரே ஊசியில், ஐந்து நிமிடத்துக்குள் அந்தத் துடிப்பு நின்றது. மீதி மூன்று பேருக்கு இரண்டாவது ஊசியில் நின்றது. ரத்தத்தில் மெக்னீசியம் நார்மலாக இருந்தாலும் இந்த ஊசி வேலை செய்யும்.

பெரியம்மாவுக்கு அன்று கொல்லையில் வந்தது இதுதானா என்று சொல்ல முடியாது, அந்த நேரத்து ஈசிஜி இல்லை. ஆனால் மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் கியூடி நீண்டிருந்தது.

பிபி குறையுமா?

கொஞ்சம். 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியான ஒரு கணக்கில், நாளைக்கு ஏறத்தாழ 370 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு மேல் அளவும் கீழ் அளவும் சராசரியாக 2 புள்ளி குறைந்தன. 160 உள்ளவருக்கு 158 ஆகும். பிபி மாத்திரைக்கு இது மாற்றாகாது. 2022 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மெக்னீசியம் பிபியைக் குறைக்கலாம் என்று டப்பாவில் எழுத அனுமதித்தபோதும், சான்றுகள் உறுதியாக இல்லை என்று சேர்த்தே எழுத வேண்டும் என்றது.

உணவின் கதை வேறு. 1997-ல் வெளியான டேஷ் என்ற உணவு ஆய்வில் காய், பழம், பருப்பு, கொட்டை, கொழுப்பு குறைந்த பால் என்று மாற்றிச் சாப்பிட்ட பிபி நோயாளிகளுக்கு மேல் அளவு 11 புள்ளி வரை குறைந்தது. அந்தச் சாப்பாட்டில் மெக்னீசியம் அதிகம்தான். கூடவே பொட்டாசியமும் கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம். எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாது. தட்டில் எல்லாம் சேர்ந்துதானே வருகிறது.

சாப்பாட்டிலேயே கிடைக்குமா? ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

அமெரிக்கப் பரிந்துரைப்படி 31 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 420 மில்லிகிராம், பெண்களுக்கு 320. நம் சமையலில் இது கஷ்டமே இல்லை. பச்சை இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் குளோரோஃபில்லின் நடுவில் உட்கார்ந்திருப்பதே ஒரு மெக்னீசிய அணுதான். தானியத்தின் தவிட்டிலும், பயறின் தோலிலும், விதையிலும் நிறைய இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 140 மில்லிகிராம். காலையில் 60 கிராம் மாவில் கூழ் காய்ச்சினால் 85 வருகிறது. சாயங்காலம் 50 கிராம் பச்சைப்பயறை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 90-க்கு மேல். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 50. மதியம் அரைக் கிண்ணம் வெந்த பாலக் கீரை 78. இதிலேயே 300-ஐத் தாண்டிவிட்டது. சோறு, பருப்பு, வாழைப்பழத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பூசணி விதை கிடைத்தால் 28 கிராமிலேயே 156 இருக்கிறது. பாதாம் அதே அளவில் 80, முந்திரி 74. விலையைப் பார்த்தால் எனக்கு வேர்க்கடலையும் பயறும் போதும்.

நாம் கோட்டைவிடுவது வெள்ளை அரிசியிலும் மைதாவிலும். அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு மெக்னீசியத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. மூன்று வேளையும் இட்லி, சோறு, பரோட்டா என்று ஓடினால், வயிறு நிறைந்தாலும் இது நிறையாது.

சாப்பிடுவதில் உடம்பு உறிஞ்சுவது 30 முதல் 40 சதவீதம்தான். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைத் தடுக்கும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். முதல் நாள் ராத்திரி கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் காய்ச்சும் வழக்கம் இதற்கு நன்றாகவே ஒத்துவருகிறது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் மெக்னீசியமும் அதோடு வடிந்துவிடும். அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கடையுங்கள்.

ஆர்ஓ தண்ணீர் குடித்தால் மெக்னீசியம் போய்விடுமா?

தண்ணீரில் இருந்தது போய்விடும், உண்மை. 1957-ல் ஜப்பானின் கோபயாஷி, ஆற்றுத் தண்ணீரின் தன்மைக்கும் பக்கவாத மரணங்களுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். அதற்குப் பிறகு, கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள கடினநீர் குடிக்கும் ஊர்களில் இதய மரணம் குறைவா என்று பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். சில ஆய்வுகள் ஆமாம் என்றன, சில இல்லை என்றன. கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிக்கும் இஸ்ரேலில் இதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். என் அபிப்பிராயம், நமக்குத் தேவையான மெக்னீசியத்தில் பெரும்பங்கு தட்டிலிருந்துதான் வருகிறது. ஆர்ஓவை நினைத்துக் கவலைப்படுவதற்குப் பதில் வாரத்தில் நாலு நாள் சுண்டல் செய்யலாம்.

மாத்திரை வாங்கியே ஆக வேண்டும் என்றால் எது நல்லது?

மருத்துவர் எழுதியிருந்தால் அவர் எழுதியது. ஆக்சைடு மலிவு, ஆனால் சரியாகக் கரையாது, உறிஞ்சப்படுவதும் குறைவு, வயிற்றைக் கலக்கும். சிட்ரேட், கிளைசினேட் கொஞ்சம் சுலபமாக உள்ளே போகும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் "மெக்னீசியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அதில் உண்மையான மெக்னீசியம் 160 மில்லிகிராம் அளவுதான், மீதி சிட்ரேட். எதிரெதிர் கம்பெனி டப்பாக்களை ஒப்பிடும்போது இந்தச் சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்சவரம்பு நாளைக்கு 350 மில்லிகிராம், ஐரோப்பாவில் 250. இது மாத்திரைக்கு மட்டும், உணவுக்கு வரம்பு இல்லை.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா?

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை மெக்னீசியம் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எலும்புத் தேய்வு மாத்திரைக்கும் இடைவெளி தேவை. டிகாக்சின் எடுக்கும் இதய நோயாளிகளுக்கு மெக்னீசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சு கூடும். அவர்களுக்கு இந்த அளவைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்?

நீங்களாக எடுக்கவே கூடாது. அதிகப்படி மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது பழுதானால் மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கும். முதலில் குமட்டல், தளர்ச்சி, பிபி இறக்கம். மேலும் ஏறினால் இதயம் மெதுவாகி, மூச்சு அடங்கி, உயிரே போகலாம்.

பிரசவ வார்டில் இதை நேராகப் பார்க்கலாம். கர்ப்பகால பிபியால் வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் போடுவார்கள். 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த ஊசி வலிப்பைப் பாதிக்குப் பாதி குறைப்பதாகக் காட்டியது. அந்த ஊசி போட்டிருக்கும் பெண்ணின் முழங்காலில் செவிலியர் சின்னச் சுத்தியலால் அவ்வப்போது தட்டிப் பார்ப்பார். கால் உதறினால் சரி. உதறாவிட்டால் மெக்னீசியம் ஏறிவிட்டது என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடுவார்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே தயாராக இருக்கும். அவ்வளவு காவலோடு கொடுக்கிற மருந்து இது.

சிறுநீரக நோயாளிகள் மாத்திரையை மட்டும் தவிர்த்தால் போதாது. மலச்சிக்கலுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவங்கள் பலவற்றிலும், வயிற்றெரிச்சலுக்கான ஜெல்களிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. வாங்கும்போதே "எனக்குக் கிரியாட்டினின் அதிகம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறு எடுத்துத் தருவோம்.

எப்சம் உப்பில் காலை ஊறவைத்தால் இதயத்துக்குப் போகுமா?

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட்தான். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊர் ஊற்றுத் தண்ணீரிலிருந்து வந்த பெயர். வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும், வையுங்கள். தோல் வழியாக இதயத்துக்குப் பயன்படும் அளவு உள்ளே போகும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்கள் வெந்நீரில் சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுக்கொள்கிறார்கள், அதுதான் என் கவலை.

ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மெக்னீசியக் குறைவுதானே?

வயதானவர்களுக்கு வரும் சாதாரணத் தசைப்பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரை பெரிதாக உதவுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. நீர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் ரத்தத்தில் உப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும். சீட்டில் இருப்பதை மட்டும் இல்லை. கடையில் நீங்களாக வாங்கிய கேஸ் கேப்சூல், மலச்சிக்கல் மருந்து, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, எல்லாவற்றையும். எத்தனை மாதமாக எடுக்கிறீர்கள் என்பதையும் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

பெரியம்மா ஒரு மஞ்சள் துணிப்பை வைத்திருக்கிறார், கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தது. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் ஆரம்பித்த மாதத்தைப் பேனாவால் எழுதியிருப்பார். இப்போது கேஸ் கேப்சூல் அதில் இல்லை. மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பொட்டாசியத்தோடு மெக்னீசியமும் பார்க்கிறோம். போன தடவை 1.9.